மீனா அழித்த கடல்

1943, ஆடி 6.

பட்டாளத்துக்குப் போய்ச் சிங்கப்பூரில் பிடிபட்ட என் வீட்டுக்காரரிடமிருந்து ஒன்றரை வருஷமாகக் கடிதம் இல்லை. மகள் மீனா கேட்டபோதெல்லாம், ஜப்பான் பக்கம் கமியூரா என்று ஒரு ஜமீன் உண்டு, அப்பா அங்கே சுகமாக இருக்கிறார் என்று நானாகக் கதை கட்டிச் சொல்லி வைத்தேன். ஐந்து மலை, ஒரு அருவி. முதல் ஜமீன்தார் சண்டையே வேண்டாமென்று வாள்களையெல்லாம் அருவியில் போட்டவர்.

இன்று அதைப் படமாக வரைந்து வந்தாள். எங்கள் தென்காசியை ஒட்டியே கமியூரா இருந்தது.

"நடுவுல கடல் உண்டுல்லா, அது எங்கட்டி?"

"அழிச்சிட்டேம்மா. அப்பாவுக்கு நீந்தத் தெரியாதுல்லா? இனி நடந்தே வந்திருவாவ."

பென்சிலை வாங்கி, கமியூராவிலிருந்து எங்கள் ஊர்ப்பக்கத்து ஐந்தருவி வரை ஒரு பாதை போட்டேன்.

"வெயிலடிக்குமேம்மா" என்று அவள் இரண்டு பக்கமும் மரம் வரைந்தாள்.