நான் சொன்ன பெயர்

1971 மார்ச் 3, புதன்

இன்று நைத்திரேற்றுச் சோதனை. சோதனைக்குழாயைச் சாய்த்து, கரைசலுக்கு அடியில் போய்த் தங்கும்படி அமிலத்தை மெல்ல ஊற்ற வேண்டும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் மண்ணிற வளையம் தோன்றும். நான் அவசரப்பட்டு ஊற்றியதில் எல்லாம் கலந்துவிட்டது. முதியான்சே வாங்கி ஊற்றினான். அவனுக்கு வந்தது.

பெயர் வரிசைப்படி எங்கள் இருவருக்கும் ஒரே மேசை. கலேவெலயில் வயல் செய்கிற குடும்பம் அவனுடையது. அவன் சிங்களத்தில் படித்து வந்தவன், நான் தமிழில். விரிவுரையோ இங்கிலீஷில். அவனுக்கு விளங்கிய பாதியையும் எனக்கு விளங்கிய பாதியையும் மேசையில் சேர்த்து வைத்துத்தான் பொது இரசாயனவியல் படிக்கிறோம்.

மார்ச் 17, புதன்

அவசரகாலச் சட்டமாம். விரிவுரையில் மூல் கணக்கு நடத்தினார்கள். முதியான்சே வரவில்லை. மாலையில் எங்கே போனாய் என்று கேட்டேன். வகுப்புக்கு என்றான். எந்த வகுப்பு என்று நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 7, புதன். மாத்தளை

பல்கலைக்கழக வளாகத்தை மூடிவிட்டார்கள். வீட்டில் இருக்கிறேன். நாடெங்கும் பொலிஸ் நிலையங்களைத் தாக்கியிருக்கிறார்களாம், எல்லாம் இரகசிய அரசியல் வகுப்புகளுக்குப் போன என் வயதுப் பையன்கள். ஊரடங்கு. வாப்பாவின் பலசரக்குக் கடை மூன்று நாளாகப் பூட்டு. உம்மா ஜன்னல் பக்கம் போக விடுவதில்லை.

ஏப்ரல் 22, வியாழன்

திங்கட்கிழமை காலையில் பொலிஸார் வந்து என்னைக் கூட்டிப் போனார்கள். நேற்று விட்டார்கள். நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும்.

என் செய்முறைக் கொப்பியையும் எடுத்துப் போயிருந்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நைத்திரேற்றுப் பக்கத்தில் விரலை வைத்து, இது வெடிமருந்துதானே என்றார். இது ஒரு உப்பில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க மட்டும், செய்வதற்கு இல்லை என்றேன். சிரித்தார். உன்னோடு மேசையில் நின்றது யார் என்று கேட்டார்.

சொன்னேன். முழுப் பெயர். ஊர். வகுப்புக்குப் போனேன் என்று அவன் சொன்னதையும் சொன்னேன். அதை யார் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லையே.

என்னை அடிக்கவில்லை. பக்கத்து அறையில் யாரையோ அடித்தார்கள். என்மேல் ஒரு கையும் படவில்லை.

வாப்பா வாசலில் நின்றார். "ஒண்ணும் செய்யல்லதானே மகன்?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

ஏப்ரல் 23

தூங்கினேன்.

மே 9, ஞாயிறு

புத்தகத்தைத் திறந்து வைத்திருக்கிறேன். பன்னிரண்டு கிராம் காபனில் எத்தனை அணுக்கள் — விடை தெரியும். எழுதினேன். சரி. அடுத்தது, அதுவும் சரி. ஒன்றும் தோன்றவில்லை. சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. தங்கச்சி ஆஸியா இரண்டு தரம் கூப்பிட்டாளாம். கேட்கவில்லை.

ஜூன் 14, திங்கள்

முதியான்சேயின் தாய் கடைக்கு வந்தார். டிங்கிரி மெனிக்கே என்று பெயர். விசாரித்து விசாரித்து வந்திருக்கிறார். ஏப்ரல் கடைசியில் வயலிலிருந்து மகனைக் கொண்டுபோனார்களாம். எங்கே என்று தெரியாதாம். வீட்டில் என்னைப் பற்றித்தான் எப்போதும் பேசுவானாம். ஏதும் கேள்விப்பட்டாயா மகனே என்று சிங்களத்தில் கேட்டார். இல்லை என்றேன். வாப்பா தேத்தண்ணி வரவழைத்துக் கொடுத்தார். அவர் குடித்து முடிக்கும்வரை நான் மிளகு மூட்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஏப்ரல் கடைசி.

ஜூன் 20, ஞாயிறு

வீட்டில் சொல்லாமல் போனேன். நாலந்தா தாண்டி, தம்புள்ளையில் பஸ் மாறி, கலேவெலயில் இறங்கி நடந்தேன். முதியான்சேயின் தாய் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே சொல்லிவிட்டேன். பெயரைக் கொடுத்தது நான்தான், அடிக்கக்கூட இல்லை, கேட்டார்கள், சொன்னேன்.

அவர் கிளறுவதை நிறுத்தவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"நீ சொல்லாட்டி அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காதா?"

"தெரியல்ல அம்மே. தெரிஞ்சும் இருக்கலாம்."

அழுவார், ஏசுவார் என்று நினைத்தேன். உள்ளே போய் ஒரு கட்டுக் காகிதம் கொண்டுவந்தார். எல்லாம் பதில் வராத மனுக்களின் பிரதிகள். இங்கிலீஷில் எழுதினால் மேலே போகும் என்று யாரோ சொன்னார்களாம். எழுதித் தருகிறாயா என்றார். விரிவுரை விளங்காத அதே இங்கிலீஷில், வாசற்படியில் உட்கார்ந்து எழுதினேன். கைது செய்த காரணம் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. தெரியாது என்று போடச் சொன்னார்.

செப்டெம்பர் 13, திங்கள்

வளாகம் திறந்துவிட்டது. மேசையில் நான் மட்டும். கந்தகவமிலத்தை நியமித்து அதன் செறிவை அளந்தேன். மூன்று வாசிப்பும் ஒத்து வந்தன. நன்று என்று சிவப்பு மையில் எழுதினார்கள்.

ஒக்டோபர் 2

ஐந்தாவது மனு.

நவம்பர் 18, வியாழன்

முதியான்சேயின் வீட்டுக்கு ஒரு தபாலட்டை வந்திருக்கிறது, அவன் கையெழுத்தில். கொழும்புப் பக்கம் ஒரு முகாமில் இருக்கிறான். இதைச் சொல்லத் தாய் வளாகத்துக்கே வந்தார். அட்டையை என் கையில் தந்தார். அதில் நான்கு வரிதான். நான் திருப்பித் திருப்பிப் படித்தேன்.

டிசம்பர் 5, ஞாயிறு

டிங்கிரி மெனிக்கேயோடு முகாமுக்குப் போனேன். சொந்தக்காரரை மட்டும்தான் விடுவார்கள் என்று தெரியும். ஆனாலும் போனேன். வெளியே வேலியோரம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றேன்.

திரும்பி வந்தவர், மெலிந்துவிட்டான், காலை இழுத்து நடக்கிறான் என்றார். பஸ் நிறுத்தத்துக்குப் போய் நின்ற பிறகுதான் மற்றதைச் சொன்னார்.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன். நீ வெளியில நிக்கிறதையும் சொன்னேன்."

"என்ன சொன்னான்?"

"அவனுக்கும் அடிச்சாங்களான்னு கேட்டான். இல்லையாம் என்டேன்."

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"நல்லது என்டான்" என்றார்.

பஸ் வந்தது. அவரை ஏற்றி உட்கார வைத்தேன். பக்கத்தில் இடம் இருந்தும் எனக்கு உட்கார முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, எல்லாரும் பார்க்கப் பார்க்க, குருநாகல்வரை அழுதுகொண்டே வந்தேன்.