தித்தித்த தீர்த்தம்

கோவிந்த்,

தயிர்சாதம் மேடைல இருக்கு. பத்து மணிக்கு உங்களை அழைச்சுண்டு போக வண்டி வரும், அதுக்குள்ள சாப்பிடுங்கோ. நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்.

போதைக்குப் பதிலா கொடுக்கற அந்த மெத்தடோன் சிரப்பை விடறதுக்கு, ஆத்துலேயே இருந்துண்டு சித்தூர்ல டோஸைக் குறைச்சுக் குறைச்சு வாங்கிக்கறேன்னேள். நம்பினேன். குடிக்காம சேர்த்த மருந்தைத் தீர்த்தச் சொம்புல ஒளிச்சேள், உங்களைத் தவிர யாரும் தொடமாட்டான்னு. நேத்து நீங்க பூஜைக்கு எழுந்திருக்கலை. நான்தான் தீர்த்தம்னு நினைச்சு எடுத்து வகுளா கைல மூணு தரம் விட்டேன். குழந்தைக்கு மூச்சே நின்னுடுத்து.

இனி திருப்பதில மூணு மாசம் உள்ளேயே தங்கற சிகிச்சைதான். ஃபார்ம் மேஜைல இருக்கு, கையெழுத்துப் போடுங்கோ. சாவியைப் பக்கத்தாத்துல கொடுத்துடுங்கோ. திரும்பி வாங்கிக்க வேண்டாம்.

ஸ்ரீப்ரியா

இன்னொண்ணு. அம்மா ஆஸ்பத்திரிலேர்ந்து போன் பண்ணினா. வகுளா கண் முழிச்சுட்டாளாம். "தீர்த்தம் தித்திச்சுதே, இன்னும் கொஞ்சம்"னு கேக்கறாளாம். உங்க பொண்ணாச்சே.