படலையடிக் குப்பைப் பரல்

செப். 20, சனி

விடியவே வெயில். காற்று வேறு. முற்றம் கூட்டக் கூட்டப் புழுதி.

வாசல் படலையடியில் குப்பை போடும் பிளாஸ்டிக் பரல் மறுபடியும் கவிழ்ந்து கிடந்தது. இந்தக் கிழமையில் மூன்றாம் தடவை. றோட்டில் கிடந்தவை: மரக்கறித் தோல், தேயிலைச் சக்கை, மீன் செதில், பால்மாப் பெட்டி, அம்மாவின் கால் புண்ணுக்குக் கட்டிய துணிகள். துணி ஐந்து. ஒன்று எதிர்வீட்டு ரீச்சரின் படலைவரைக்கும் போயிருந்தது. மஞ்சள் கறையோடு.

ஓடிப்போய் எடுக்குமுன் அவர் வெளியே வந்துவிட்டார்.

"பள்ளிக்கூடத்தைத்தான் விட்டிட்டாய். இந்தக் குப்பையையாவது ஒழுங்காப் பாக்கேலாதோ பிள்ளை?"

துணியைப் பொறுக்கினேன். பத்தாம் ஆண்டில் எனக்குத் தமிழ் படிப்பித்தவர். வாசிக்கச் சொல்லி எழுப்பினால் எனக்குச் சத்தமே வராது. இன்றும் அப்படித்தான். பெயர் எழுதமாட்டேன். யாராவது இந்தக் கொப்பியை எடுத்தால் வில்லங்கம்.

பரலைக் கவிழ்ப்பது அவருடைய நாய், ரொமி. கண்ணால் கண்டிருக்கிறேன். அதைச் சொல்லியிருக்கலாம். கிணற்றடிக்கு வந்து வாளிக்குச் சொன்னேன்.

துணியை எரித்தால் புகை ரீச்சருக்கு மூச்சிழுப்பைக் கொண்டுவருமாம். மண்ணில் தாட்டால் ரொமி கிண்டும். பரலில் போட்டால் இது. வேறு என்னதான் செய்ய? தின்னவா?

இன்று முதலாம் புரட்டாதிச் சனி. அம்மா விரதம். மத்தியானம் எள்ளுச் சோற்றை வாழையிலைத் துண்டில் கிணற்றுக் கட்டில் வைத்து, "கா, கா" என்றார். சொல்லி முடிக்கவில்லை, காகம் வந்து கொத்தியது. அதன் பிறகுதான் அம்மா சாப்பிட்டார். எல்லாம் எனக்காகவாம். எனக்கு ஏழரைச் சனி நடக்கிறதாம். படிப்பு நின்றதும் அதனால்தானாம்.

சனியால் அல்ல. சீனி வருத்தத்தால் அம்மாவின் கால் பெருவிரலை எடுத்தார்கள், வீட்டில் ஆள் தேவைப்பட்டது. அப்பா வவுனியாவில் மேசன் வேலை, மாதம் ஒருமுறைதான் வருவார். இதை அம்மாவிடம் சொல்ல முடியுமா?

செப். 21, ஞாயிறு

பகல் முழுக்கப் பரல் வேலை.

நாய் – கவிழ்க்கும். பரலை வேலிக் கதியாலோடு கயிறு போட்டு இறுக்கிக் கட்டினேன்.
கட்டாக்காலி மாடு – மூடியை மூஞ்சியால் தள்ளும், சொப்பிங் பையோடு தின்னும். சுற்றிவரப் பனங்கருக்கு மட்டை. என் கையிலும் இரண்டு கீறல்.
காகம் – ? மூடியில் ஒரு பக்கம் உடைவு. அதற்குள்ளால் இழுக்கும். பலகைத் துண்டு வைத்தேன், காற்றுக்கு விழுந்தது.

புது மூடி வாங்க வேண்டும். அப்பா வரட்டும்.

செப். 23, செவ்வாய்

பிரதேச சபையின் குப்பை அள்ளும் உழவு மெசின், ட்ரக்டர், வரும் நாள். கிழமைக்கு ஒன்று. நாயும் மாடும் தொடவில்லை. காகம் தொட்டது. மெசின் வரும்போது பாதிக் குப்பை றோட்டில். குப்பை அள்ளுபவர் இறங்கவே இல்லை.

"தங்கச்சி, பரலுக்குள்ளை இருந்தால் எடுப்பம். நிலத்திலை கிடக்கிறதைப் பொறுக்க எங்களுக்குச் சொல்லேல்லை."

"அண்ணை, ஒருக்கா நில்லுங்கோ..." என்றேன். எனக்கே கேட்கவில்லை. மெசின் சத்தத்தில் அவருக்கு எங்கே கேட்கப்போகிறது.

பொறுக்கிக்கொண்டிருந்தபோது ரீச்சர் தன் படலையில் இரண்டு பெண்களுக்குப் போனில் ஒரு படத்தைக் காட்டினார். "இஞ்சை பாருங்கோவன், எங்கடை ஒழுங்கையின்ரை வடிவை. சபைக்கு அனுப்பத்தான் வைச்சிருக்கிறன்." ஒருவர் "சீ" என்று மூக்கைப் பொத்தினார். படத்துக்கு மணம் இருக்கிறதா?

அது சனிக்கிழமை அவர் படலையில் கிடந்த அம்மாவின் துணி. அம்மாவின் கால். அதைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்.

இரவு மருந்து கட்டப் போனால் அம்மா காலை இழுத்துக்கொண்டார். "இனி ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டுவம். துணி மிச்சம்."

துணி மிச்சமாம். கேட்டுவிட்டார். ரீச்சர் சொன்னது எல்லாம் கேட்டுவிட்டார். ஒவ்வொரு நாளும் கட்டச் சொல்லித்தான் கிளினிக்கில் சொன்னார்கள். வலுக்கட்டாயமாகக் காலைப் பிடித்துக் கட்டினேன்.

செப். 24, புதன்

வயலில் விதைப்பு நேரம் மாமா செய்வது ஞாபகம் வந்தது. கறுப்புச் சொப்பிங் பைக்குள் வைக்கோல் அடைத்து, வேம்படியில் பொறுக்கிய காகச் சிறகு ஆறு குத்தி, கால்போல இரண்டு ஈர்க்கு. பரலுக்கு மேலே வேலிமரக் கொப்பில் தலைகீழாகத் தொங்கவிட்டேன். செத்த காகம் மாதிரியே இருந்தது.

பத்து நிமிடத்தில் ஊர்க் காகம் எல்லாம் வந்து கத்தின. செத்தவீடு மாதிரி. பிறகு ஒன்றொன்றாய்ப் போய்விட்டன.

செப். 25, வியாழன்

ஒரு காகம்கூட இல்லை!! பரல் வைத்தபடி இருந்தது. மீன் வாங்கினோம், குடலும் செதிலும் உள்ளேதான், ஒன்றும் வெளியே வரவில்லை. ரீச்சர் பள்ளிக்கூடம் போகும்போது பரலைப் பார்த்தார். பிறகு தொங்குவதைப் பார்த்தார். நடையைக் கட்டினார்.

படம் எடுங்கோவன் இப்ப. (மனதுக்குள்.)

துணி மாற்றினேன். அம்மா காலை இழுக்கவில்லை.

செப். 27, சனி

இரண்டாம் சனி. அம்மா காலையில் சீனிக் குளிசையைப் போட்டு வெறும் தேத்தண்ணி மட்டும் குடித்தார். ஏசினேன். கேட்கவில்லை.

12.15 – சோறு கிணற்றுக் கட்டில். "கா, கா." காகம் இல்லை.
12.40 – இல்லை.
1.10 – இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. படலைக்கு ஓடி, தொங்கியதை அறுத்துக் குசினிக்குள் ஒளித்தேன். அப்படியும் இல்லை.
1.30 – அம்மாவுக்கு வியர்வை. கை நடுக்கம். சீனித் தண்ணி கரைத்துக் கொடுத்தேன், தட்டிவிட்டார்.

"காகம் எடுக்காமல் வாயிலை ஒண்டும் வைக்கமாட்டன். உனக்காகத்தானேயடி விரதம் பிடிக்கிறன்."

"எனக்கு ஒண்டும் வேண்டாம் அம்மா, குடியுங்கோ!"

"சனியன் கோவிச்சிட்டான்," என்று அழத் தொடங்கினார்.

சனியன் அல்ல, நான். என் சொப்பிங் பை.

படலைக்குப் போனேன். கயிற்றை அறுத்தேன், கருக்கு மட்டையைக் காலால் தள்ளினேன், பரலைக் கவிழ்த்தேன். இரண்டு நாள் பழைய மீன் குடல், துணி, எல்லாம் றோட்டில். நடுவில் நின்று கத்தினேன். "கா! கா! கா!" வகுப்பில் ஒருநாளும் வராத சத்தம்.

ரீச்சர் ஓடி வந்தார். "உனக்கென்ன விசரே பிள்ளை? நீயே கொட்டுறாய்!"

"ஓம் ரீச்சர். நான்தான் கொட்டுறன். படம் எடுங்கோ. மற்ற நாளையிலை கொட்டுறது உங்கடை ரொமி. அதையும் எடுங்கோ."

நான் மறுபடி கத்தினேன்.

முதலில் ஒன்று. பிறகு நாலைந்து. குடலில் விழுந்து இழுபட்டன. ஒன்று அந்த மீன் அலகோடேயே கிணற்றுக் கட்டுக்குப் பறந்து சோற்றில் ஒரு கொத்து.

"எடுத்திட்டார்," என்று அம்மா கும்பிட்டார். நான் சீனித் தண்ணியைப் பருக்கி, சோற்றைக் குழைத்து ஊட்டினேன். ஐந்தாறு வாய்க்குப் பிறகு கை நடுக்கம் குறைந்தது. மூக்கைச் சுருக்கினார்.

"ஆரடி புரட்டாதிச் சனியிலை மீன் காய்ச்சுறது?"

ரீச்சர் வீட்டுப் பக்கம் கையைக் காட்டினேன். பொய் சொல்வது பாவம்தான். வரட்டும்.

அம்மா படுத்துவிட்டார். இப்போது மூன்று மணி. றோட்டில் கிடப்பதை இன்னும் பொறுக்கவில்லை. இதை எழுதி முடித்துவிட்டுத்தான் போவேன். ரீச்சர் போனோடு படலையடியில் நிற்கிறார். நிற்கட்டும்.