எருமைக்குச் சொந்தக்காரர்

உ

கேத்தி,
சித்திரை 9

வேலாமணி கண்ணுக்கு அப்பா எழுதறது. இங்க நானும் உங்கம்மாவும் ஒரு கொறையும் இல்லாம இருக்கோம், அங்க நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, அந்த மெட்ராஸ் வெயில்ல சித்த நெழல் பார்த்து நடந்து, நல்லபடியா இருக்கோணும். எம்.எல்.ஏ. ஹாஸ்டல் சாப்பாடு வாய்க்கு வெளங்கலைன்னு போன்ல சொன்னயாம், அன்னைக்கே உங்கம்மா பருப்புப்பொடிக்கு மொளகா வறுக்கறேன்னு ஊடெல்லாம் தும்ம வெச்சுட்டா. அவளுக்கு முழங்கால் வலி இப்பத் தேவலை. பச்சைத்தேயிலை இந்த வாரமும் கிலோ அஞ்சு ரூபாயைத் தாண்டல, பறிக்கற கூலிக்கே காணாதுன்னு மேட்டுத் தோட்டத்துக்காரங்க இலை எடுக்கறதையே விட்டுட்டாங்க. ரெண்டு வருசமா கவாத்து இல்லாம செடியெல்லாம் ஆளு ஒசரம் நிக்குது, உள்ள காட்டெருமை படுத்திருந்தாப் பக்கத்துல போற வரைக்கும் தெரியறதில்ல. இப்பல்லாம் நான் எருமையைக் காட்டோட சேர்த்துத்தான் எழுதறேன், ஏன்னு கீழ சொல்றேன். மேல்வரிசை ஊட்டு எல்லப்பன் மார்கழியில செத்ததும் அந்தத் தோட்டத்துக்குள்ளதான, குறுக்கு வழியில ஊட்டுக்கு வந்துட்டு இருந்தவனை முட்டித் தூக்கி எறிஞ்சுருச்சு. அவன் சம்சாரம் அம்சவேணி இப்ப ஒரு நாள் கேரட் கழுவப் போறா, ஒரு நாள் பூண்டு உரிக்கப் போறா, ரெண்டு புள்ளைகளை வெச்சுட்டு எப்படியோ நாளை ஓட்டறா.

நீ வேளாண்மை மானியக் கோரிக்கையில பேசினது புதன்கிழமை பேப்பர்ல பெருசா வந்திருந்துச்சு. உங்கம்மா பீன்ஸ் அரிஞ்சுட்டு இருந்தா, நான் சத்தமா வாசிச்சேன். பன்னி தின்ன உருளைக்கிழங்குக்கு நிவாரணம் உண்டு, காட்டெருமை மிதிச்சு ஒடிச்ச தேயிலைக்கு மட்டும் ஏன் இல்லைன்னு கேட்டிருந்தே பாரு, சபாஷ். மலையில செத்தவனுக்கு மெட்ராஸ்ல பைல் தேடறதை நிறுத்துங்க, முடிவு பண்ற அதிகாரத்தை எங்க ஜில்லாவுக்கே குடுங்கன்னு நீ சொன்ன எடத்துல உங்கம்மா கத்தியைக் கீழ வெச்சுட்டா. எனக்கும் பெருமை தாங்கல, பொய் சொல்லல. அப்பறம் அம்சவேணி விசயம் வந்துச்சு. புருசன் எருமை முட்டிச் செத்தான்னு மனு குடுத்த பொம்பளைக்கு, எருமை வளர்ப்புப் பிராணி, அதனால அதோட சொந்தக்காரரை அணுகவும்னு பாரஸ்ட் ஆபீஸ்ல இருந்து பதில் வந்திருக்கு, காட்டெருமைக்குச் சொந்தக்காரர் யாருன்னு அமைச்சர் சொல்லட்டும், அவரை நானே போய்க் கூட்டிட்டு வர்றேன்னு நீ சொன்னதுக்குப் பக்கத்துல அடைப்புக்குறி போட்டு, சிரிப்புன்னு இருந்துச்சு. நாங்களும்தான் சிரிச்சோம். அமைச்சர் எந்திரிச்சு, மனுவுலயே வெறும் எருமைன்னுதான் இருக்கு, அதிகாரி என்ன பண்ணுவாரு, மனு எழுதினவர் வந்து எழுத்துல ஒத்துக்கிட்டா மறுபடி பார்க்கச் சொல்றேன்னாரு. அதுக்கு நீ, எழுதத் தெரியாத எவனோ ஒரு அரைகுறை எழுதினதுக்கு அந்தப் பொம்பளை ஏன் அழுகணும்னு கேட்டே. மறுபடி அடைப்புக்குறி, மறுபடி சிரிப்பு. அங்க நான் பேப்பரை மடிச்சுட்டேன். மேல வாசிங்கன்னு உங்கம்மா சொல்றா, நான் கண்ணாடியைத் தொடைக்கற சாக்குல எந்திரிச்சுப் பின்கட்டுக்குப் போயிட்டேன்.

அந்த மனுவை எழுதினது நான்தான் கண்ணு. காரியம் முடிஞ்ச மறுநாள் அம்சவேணி சொல்லச் சொல்ல எழுதினேன். எஸ்டேட் ஆபீஸ்ல முப்பத்தொரு வருசம் கிளார்க்கா இருந்தவன், ஆளுங்க சொன்னதுக்கு மேல எம்பட வார்த்தை ஒண்ணு சேர்க்க மாட்டேன்னு எனக்கொரு வீம்பு, உனக்கே தெரியும். எருமை முட்டிப்போடுச்சுங்கன்னு அவ சொன்னா, எருமைன்னு எழுதினேன். நம்ம வரிசையில எவன் எருமை வளர்க்கறான், எருமைன்னா இங்க எல்லாருக்கும் அதுதான. ஆஸ்பத்திரிச் சீட்டுலயும் கொம்பு குத்தின காயம்னு மட்டும்தான் இருந்திருக்கு. ஆனா படிக்கப்போறவன் நம்ம வரிசைக்காரன் இல்லைன்னு நான் யோசிச்சிருக்க வேண்டாமா? ஒரே ஒரு காட்டை விட்டேன், நாலு மாசம் அந்தப் புள்ளை நடந்துட்டுக் கெடக்கறா.

சாயங்காலமே அவ ஊட்டுக்குப் போனேன். மனுவோட நகல் எங்கன்னு உன் ஆளுங்க கேட்டப்பத் தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லியிருக்கா இல்ல, தொலையல கண்ணு, அரிசி டப்பாவுக்கு அடியில மடிச்சு வெச்சிருந்தா. ஏம்மா இப்படிப் பண்ணினேன்னு கேட்டேன். உங்க கையெழுத்தைப் பார்த்தா வேலாமணி பாப்பாவுக்குச் சங்கடமாப் போயிருமுங்க, எங்களுக்காகப் பேச வேற யாரு இருக்காங்கன்னு சொல்றா. தப்பு பண்ணினவனை, பாதிக்கப்பட்டவ ஒளிச்சு வெச்சுக் காப்பாத்தியிருக்கா. எனக்கு அழுகையே வந்துருச்சு.

உன்னைக் கேக்காமப் பண்ணிட்டேன், கோவிச்சுக்காத. எதிர்த்தரப்புக்காரங்க சும்மா விடுவாங்களா, புள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்கன்னு உங்கம்மா சொல்லத்தான் சொன்னா. கேட்டா நீ வேண்டாம்னு சொல்ல மாட்டே, ஆனா யார்கிட்டயாவது யோசனை கேப்பே, அதுல நாலு நாள் போயிரும். அதனால நேத்துக் காலையிலேயே அம்சவேணியைக் கூட்டிட்டு பாரஸ்ட் ஆபீசுக்குப் போய், தப்பு என்னோடதுன்னு எழுதிக் குடுத்துட்டேன். அவங்க எங்கப்பா பேரைத்தான் கேட்டாங்க, மக பேரை நானாத்தான் சொன்னேன். ஒடனே ஒக்காருங்க சார்னு நாற்காலி வந்துச்சு, இந்தம்மாவுக்கும் ஒண்ணு போடுங்கன்னேன்.

அரைகுறைன்னு நீ சொன்னது சுருக்குன்னுதான் இருந்துச்சு, இல்லைங்கல. இருந்தாலும் அவளுக்காகத்தான சொன்னே, அது போகட்டும். இப்ப உன்கிட்டக் கேக்கறது ஒண்ணுதான். திங்கட்கிழமை சபை கூடினதும் நீயே எந்திரிச்சுச் சொல்லிடு, இன்னொருத்தன் சொல்லி நீ தலை குனியக் கூடாது. எருமைக்குச் சொந்தக்காரரைக் கூட்டிட்டு வர்றேன்னு சொன்னேன், ஆளு கெடைச்சுட்டாரு, எங்கப்பாதான்னு சொல்லு. சிரிப்பாங்க, சிரிச்சு முடிக்கற வரைக்கும் நின்னுட்டு, அப்பறம் அம்சவேணி பைல் எப்ப வரும்னு கேளு. தேதி வாங்காம ஒக்காராத.

நாம கும்பிடற மாரியம்மன் உனக்குத் தொணையா இருக்கட்டும், நீண்ட ஆயுசோட, நெஞ்சுல தைரியத்தோட இரு சாமி. பருப்புப்பொடி தனிப் பார்சல்ல வருது, ஈரக் கரண்டி போட்றாதன்னு உங்கம்மா மூணு தடவை சொல்லிட்டா. நான் எழுதிக் குடுத்ததோட நகல் இதுக்குள்ள இருக்கு, காட்டெருமைன்னு வர்ற எடமெல்லாம் காட்டுக்கு அடியில கோடு போட்டிருக்கேன்.

இப்படிக்கு
உன் அப்பா
வெள்ளியங்கிரி (சிரிப்பு)