அப்பா ஜாடை

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும் என்று சும்மா சம்பிரதாயத்துக்கு எழுதவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதமே. போனில் பேசும்போது அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வதால் எதுவும் சொல்ல முடியவில்லை. இப்போது அம்மாவும் அப்பாவும் தூங்குகிறார்கள்.

அப்பாவுக்குச் சளி என்று அம்மா சொன்னது பொய். தையல் கடையில் துணி மூட்டையைத் தூக்கியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். போன வருஷம் நீ இருக்கும்போது ஆனதே, அதேபோல நுரையீரலிலிருந்து காற்று கசிந்து, அது சுருங்கிவிட்டது. விலாவில் குழாய் போட்டுக் காற்றை வெளியே எடுத்தார்கள். பயப்படாதே, வீட்டுக்கு வந்துவிட்டார். அம்மாவிடம் திட்டு வாங்கும் அளவுக்குத் தேறிவிட்டார்.

ஒல்லியாக இருப்பவர்களுக்கு இப்படி வருமென்று போன தடவை அனுப்பிவிட்டார்கள். இந்தத் தடவை பார்த்த டாக்டரம்மா அப்பாவின் முகத்தில் டார்ச் அடித்து, மூக்கிலும் கன்னத்திலும் இருக்கும் வெள்ளைப் பொடிப் பருக்கள் எப்போதிலிருந்து என்று கேட்டார். அப்பாவுக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "இது எங்க வீட்டு முத்திரை டாக்டர். பெரியவளுக்கும் இப்பதான் குத்தியிருக்கு" என்றார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. பெரியவள் என்ன செய்கிறாள் என்று கேட்டார். "கடலுக்குள்ள முங்கி, கப்பலுக்கு அடியில ரிப்பேர் பண்ணப் படிக்கிறா" என்று அப்பா பெருமையாகச் சொன்னார்.

ஸ்கேனில் நுரையீரலின் அடிப்பக்கத்தில் குட்டிக் குட்டிக் காற்றுப் பைகள் தெரிந்தன. மரபணுச் சோதனையிலும் உறுதியாகிவிட்டது. அபூர்வமான பரம்பரை நோயாம். சிறுநீரகத்தையும் அவ்வப்போது பார்க்க வேண்டுமாம். அப்பாவுக்கு அங்கே இப்போதைக்கு ஒன்றுமில்லை. பிள்ளைகளுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. உனக்கும் அந்தப் பைகள் இருந்தால், ஆழத்திலிருந்து மேலே வரும்போது உள்ளே அடைபட்ட காற்று விரிந்து வெடித்துவிடலாம், ஸ்கேன் பார்க்கும்வரை நீ முங்கவே கூடாது, இன்றே சொல்லிவிடுங்கள் என்றார் டாக்டரம்மா.

அப்பா சொல்லவில்லை. "எவ்வளவு முட்டி மோதிப் போனவ! அடுத்த வாரம் கடல்ல முங்குற பரீட்சை முடியட்டும். பெத்த நானே அவ வாயில மண்ணை அள்ளிப் போடுறதா?" என்கிறார். அம்மா அழுகிறாள், ஆனால் அவர் பக்கம்தான். "நீ ஏதாவது உளறுனே, தோலை உரிச்சிடுவேன்" என்று என்னை மிரட்டி வைத்திருக்கிறாள்.

எல்லாரும் உன்னை அப்பா ஜாடை என்று சொல்லும்போது எனக்குப் பொறாமையாக இருக்கும். இப்போது தினமும் கண்ணாடியில் என் மூக்கைத் தடவிப் பார்க்கிறேன். ஒன்றுமில்லை. என் வயதில் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாதாம்.

அக்கா, பரீட்சையைத் தள்ளிப் போடு. அங்கேயுள்ள டாக்டரிடம் உன் முகத்தைக் காட்டு, அப்பாவுக்கு நடந்ததைச் சொல், முதலில் ஸ்கேன் எடு. ஒன்றுமில்லை என்று வந்தால், பரீட்சையைக் கெடுத்ததற்காக நேரே வந்து என்னை அடி. எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கிக்கொள்கிறேன். அடிக்கவாவது நீ வர வேண்டும்.

இப்படிக்கு,
உன் வாலு