நழுவிய செருப்பு

அக்கா,

இன்று எழுந்ததும் பல்லைக்கூடத் தேய்க்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலிலிருந்து கேட் வரை நடந்தேன். திரும்பிப் பார்த்தால், இடது செருப்பு பாதி வழியில் செம்பருத்தியின் அடியில் கிடந்தது. கழன்றது எனக்குத் தெரியவே இல்லை.

எனக்கு ஒரு மாதமாக இடுப்புவலி. நேற்று உங்கள் மகள் மதில் வழியாக எண்ணெய்க் குப்பியை நீட்டினாள். "இதைத் தடவுங்க ஆன்ட்டி. நீங்க தடவினதுல வலி நல்லா கேட்டுதுன்னு அம்மை அப்போ போன்ல சொல்லுவா." மூடியைத் திறந்தேன். அந்த வாசனையில் ஊரடங்குக் காலம் முழுவதும் இருந்தது.

அப்போது நாம் இருவரும் வீட்டிலிருந்து போனில் பாடம் நடத்தினோம். உங்களுக்கு வலி வந்ததும் சாப்பாட்டு மேசையின் மரநாற்காலியைத்தான் குறைசொன்னோம். தக்கலையில் வர்ம வைத்தியம் பார்க்கும் ஆசானின் வைத்தியசாலை பூட்டிக் கிடந்தது. மிச்சமிருந்த அவருடைய எண்ணெயைச் சூடாக்கி, தினமும் நாலு மணிக்கு முகக்கவசத்தோடு வந்து நான் தடவினேன். "மெல்லட்டி, சப்பாத்திக்கு மாவா பிசையிய?" என்பீர்கள்.

ஒருநாள் முற்றத்தில் ஒற்றைச் செருப்பு கிடக்க, நீங்கள் உள்ளே வந்தீர்கள். உங்களுக்கே தெரியவில்லை. "பள்ளிக்கூடம் தொறந்தா வகுப்பு வகுப்பா செருப்பு தேடணும்" என்றேன். "பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான்" என்று சிரித்தீர்கள்.

அன்றே ஆசானைப் போனில் அழைத்தேன். "செருப்பு நழுவுதா? இனி தடவக்கூடாது டீச்சர். உடனே ஆஸ்பத்திரியில காட்டிப் படம் எடுக்கணும்" என்றார்.

உங்கள் மகள் அப்போது மஸ்கட்டில், விமானம் இல்லை. உங்களைக் கொண்டுபோக என்னைத் தவிர யாரும் இல்லை. என் கணவருக்கு ஆஸ்துமா. ஆஸ்பத்திரியிலிருந்து எதைக் கொண்டுவருவேனோ என்று பயந்தேன்.

"ஆசான் என்ன சொன்னாரு?" என்று கேட்டீர்கள்.

"தொடர்ந்து தடவச் சொன்னாரு."

மூன்று வாரம் தடவினேன். அதற்குமேல் உங்களால் எழுந்து நிற்க முடியவில்லை. ஆம்புலன்சில் போய்ப் படம் எடுத்தபோது முதுகெலும்பில் கட்டி. கொஞ்சம் முன்னே வந்திருக்கலாம் என்றார் டாக்டர். நீங்கள் என் கையைத் தட்டி, "வழியெல்லாம் அடைச்சுக் கெடந்துல்லா, நீ என்ன செய்வ மக்கா" என்றீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களை யாரும் தடுக்கவில்லை. அதை அப்போதும் நான் சொல்லவில்லை, நீங்கள் கண்மூடும்வரையும் சொல்லவில்லை.

இப்போது இடதுகால் பெருவிரலைக் கிள்ளிப் பார்க்கிறேன். வேறு யாருடைய விரலோபோல இருக்கிறது. வெறும் தேய்மானமாக இருக்கும் என்று சொல்லிக்கொள்கிறேன். உங்களிடமும் இதைத்தான் சொன்னேன். வீட்டில் கேட்டால் நாற்காலி சரியில்லை என்கிறேன். வாய் தானாகவே அப்படிச் சொல்கிறது. அதை என் காதாலேயே கேட்கத்தான் அதிகப் பயமாக இருக்கிறது.

எண்ணெயைத் தொடவில்லை. பத்து மணி பஸ்ஸில் நாகர்கோவிலுக்குப் படம் எடுக்கப் போகிறேன். இன்னும் யாருக்கும் தெரியாது. உங்கள் மகளைத் துணைக்குக் கூப்பிடுவேன். பஸ் வருவதற்குமுன், ஆசான் சொன்னதையும் நான் சொன்னதையும் அவளிடம் அப்படியே சொல்லிவிடுவேன்.

கேட்ட பிறகும் அவள் ஏறினால், பக்கத்தில் இடம் வைத்திருப்பேன்.