தொண்டை செருமாத குரல்

மகனுக்கு அம்மா எழுதுவது. வயிற்றில் இருக்கும் பிள்ளை கேட்கட்டும் என்று மூன்று வாரமாக நீ தினமும் பேசி அனுப்பிய பேச்சு ஒன்றுகூட நீ பேசியது இல்லை, ஏதோ ஒரு ஆப் உன் குரலை வைத்துப் பேசியது என்பதைச் செவ்வாய்க்கிழமை மதியம் கண்டுபிடித்தேன். சாயங்காலம் உன்னைக் கூப்பிட்டுக் கேட்டேன், நீயும் சிரித்துக்கொண்டே ஆமாம் என்றாய். இங்கே நானும் அப்பாவும் மருமகளும் சுகம், உள்ளே இருப்பதும் சுகம், இருபத்து நான்காவது வாரம் நடக்கிறது. நீ சுகமா என்று கேட்பதுதான் முறை, ஆனால் அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகு அதை வேறு தனியாகக் கேட்க வேண்டுமா என்று விட்டுவிட்டேன். போனில் இதையெல்லாம் சொன்னால் மீட்டிங் இருக்கிறது என்று பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். கடைசி வரி வரைக்கும் படி.

எப்படிக் கண்டுபிடித்தாய் என்று போனில் கேட்டாயே, அதுவும் ஏதோ பெரிய வித்தை மாதிரி. முப்பது வருடமாகக் குழாய் விற்கிறேன், தள்ளுவண்டியில் ஆரம்பித்து மூன்று ஷட்டர் கடை வரைக்கும் வந்திருக்கிறேன், பித்தளையா முலாம் பூசிய மட்டச் சரக்கா என்று கண்ணை மூடிக்கொண்டு தட்டிப் பார்த்தே சொல்வேன், என்னிடமா உன் வேலை. அன்று கடையில் கரண்ட் இல்லை, மதியமே வீட்டுக்கு வந்துவிட்டேன். அறைக்குள்ளிருந்து உன் குரல், என் செல்லக்கட்டியே, அப்பா உனக்காகக் காத்திருக்கிறேன் என்று இழைந்து இழைந்து பேசிக்கொண்டிருந்தது. முதலில் எனக்கே நெஞ்சு குளிர்ந்ததுதான், பொய் சொல்ல மாட்டேன், மற்ற நாளெல்லாம் கடைக்குக் கிளம்பும் அவசரத்தில் கதவோரம் அரைகுறையாகக் கேட்பேன், அன்றுதான் நின்று முழுதாகக் கேட்டேன். கேட்கக் கேட்கத்தான் உறுத்தியது. நீ பேச்சு வந்த நாளிலிருந்து தொண்டையைச் செருமாமல் வாயைத் திறந்தவன் இல்லை, தண்ணீர் கேட்கக்கூட ஒரு செருமல் செருமித்தான் கேட்பாய், பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இருமல் மருந்து வாங்கிக் கொடுங்கள் என்று எனக்குச் சொல்லி அனுப்பினார். இந்தக் குரல் செருமவே இல்லை, நீளமாகப் பேசும்போது நடுவில் மூச்சும் வாங்கவில்லை. மருமகள் குளிக்கப் போனதும் அவள் போனில் நீ அனுப்பியிருந்த இருபத்தொரு பேச்சையும் வரிசையாகப் போட்டுக் கேட்டேன். ஒன்றில்கூட செருமல் இல்லை. ஒன்றில் இங்கே நல்ல மழை என்று சொல்கிறது, அதே நாளில்தான் நீ எனக்குப் போன் செய்து வெயில் மண்டையைப் பிளக்கிறது என்று புலம்பினாய்.

அதற்கு நீ சொன்ன பதில் இன்னும் என் காதில் நிற்கிறது. "அம்மா, அது என் குரல்தானேம்மா, ஒரு தடவை சாம்பிள் குடுத்தா போதும், எழுதிப் போட்டா அதுவே பேசிடும். தினமும் எனக்கு நேரம் எங்க இருக்கு, குழந்தைக்கு என்ன தெரியப்போகுது" என்றாய். குழந்தைக்கு என்ன தெரியும் என்று நீ முடிவு செய்துவிட்டாய் இல்லையா. கேட்டுக்கொள். பிரசவ வகுப்பு எடுக்கும் நர்ஸ் அம்மா சொல்கிறார், இந்த மாதத்திலிருந்து வெளியே கேட்கும் சத்தம் உள்ளே போகுமாம், அடிக்கடி கேட்கும் குரலைப் பிறந்த பிறகும் அது அடையாளம் வைத்திருக்குமாம். அவர் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். நீ என் வயிற்றில் இருந்தபோது உன் அப்பா தூர தேசத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார், அப்போது போனா கீனா, எழுதிய கடிதம்கூட மாதம் கழித்து வரும். நீ பிறந்து நாலாவது மாதம் வந்து உன்னைத் தூக்கினார், நீ வீறிட்டு அழுதாய், ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பதினோரு நாள். அந்த மனுஷர் வாசலிலேயே செருப்பைக் கழற்றாமல் நிற்பார், உள்ளே வந்தால் நீ அழுவாய் என்று. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடமும் சொல்லியிருக்க மாட்டார். அவருக்கு வேறு வழி இல்லை, வயிற்றுப்பாடு. உனக்கு என்ன கேடு? கையில் போன், பேச வாய், இரண்டு நிமிஷம். அதற்கும் ஆள் வைத்திருக்கிறாய்.

அந்த அப்பா இப்போது என்ன செய்கிறார் தெரியுமா. காலையில் எழுந்ததும் மருமகள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கு நாலடி தள்ளி நின்றுகொண்டு, வயிற்றைப் பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி, "இன்னைக்கு மேகமா இருக்கு, மழை வந்தாலும் வரும், குடை எடுத்துக்கணும்" என்று உரக்கச் செய்தி வாசிக்கிறார். உள்ளே இருப்பது எங்கே குடை எடுத்துக்கொண்டு போகப் போகிறதோ. போன வாரம் கடையில் மீந்த பைப்பையும் வளைவுக்குப் போடும் எல்போவையும் ஒட்டி ஒரு தொட்டிலும் செய்துவிட்டார். மருமகள் பார்த்துவிட்டு, "மாமா, இதுல புள்ளையப் போடுறதா, தண்ணித் தொட்டியத் தூக்கி வைக்கிறதா" என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது, அதைப் பிரித்து மறுபடி ஒட்டுகிறார். தப்பும் தவறுமாகச் செய்தாலும் தன் கையால் செய்கிறார்.

மருமகளிடம் விஷயத்தைச் சொல்லக் கூடாது என்று நானும் அப்பாவும் பேசி வைத்திருந்தோம், இந்த நேரத்தில் அவள் மனம் நோகக் கூடாதே என்று. வியாழக்கிழமை வகுப்புக்குத் துணையாக நான்தான் போனேன், மற்றவர்களுக்கெல்லாம் புருஷன்கள், நடுவில் நான் ஒருத்தி தலையணையைப் பிடித்துக்கொண்டு மூச்சு விடப் பழகினேன். நர்ஸ் அம்மா ஒவ்வொருவரிடமும் உங்கள் குழந்தை யார் குரலை அதிகம் கேட்கிறது என்று கேட்டார். எல்லாப் பெண்களும் பக்கத்தில் இருந்தவனைக் காட்டினார்கள். உன் மனைவி, "எங்க மாமா குரல், தினமும் மழை வருமான்னு சொல்வார்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்த பிறகு அவளே ஆரம்பித்தாள். "அத்தை, அது அவர் பேசினது இல்லைன்னு எனக்கு முதல் நாளே தெரியும். செருமாம அவர் என்கிட்ட என்னைக்குப் பேசியிருக்கார்?" என்றாள். அப்புறம் ஏன்டி தினமும் போட்டுக் கேட்டாய் என்றேன். "நீங்களும் மாமாவும் கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு கேட்டுச் சந்தோஷப்பட்டீங்களே, அதுக்காகத்தான். போனை மேஜையில வச்சிடுவேன், வயித்துக்கிட்ட கொண்டு போனதே இல்லை" என்றாள். பஸ் வந்தது, போனது, நான் எழுந்திருக்கவில்லை. உன் மானத்தைக் காப்பாற்ற அவள் எங்களிடம் நடித்திருக்கிறாள், நாங்கள் அவளிடம் நடித்திருக்கிறோம். பிள்ளை முதல் தடவை உதைத்த அன்று உனக்குப் போன் போட்டாளாமே, அப்புறம் பேசுகிறேன் என்று சொன்னாயாமே, அந்த அப்புறம் இன்னும் வரவில்லையாமே. அதைச் சொல்லும்போதும் அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குப் பயம் இருந்திருக்காது.

பைக்குள்ளிருந்து ஆஸ்பத்திரிப் படிவத்தை எடுத்துக் காட்டினாள். பிரசவ அறைக்குள் ஒரே ஒருவர்தான் கூட இருக்கலாம், பெயரை முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். உன் பெயரை எழுதியிருந்தாள், அதை அடித்துத் தன் அக்கா பெயரை எழுதப் பேனாவையும் கையில் எடுத்துவிட்டாள். அங்கேயே பேரம் பேச உட்கார்ந்தேன். எத்தனையோ கம்பெனிக்காரனிடம் பேசியிருக்கிறேன், இவளைப் போல இறங்கி வராத ஆளை நான் பார்த்ததில்லை. உனக்காகப் பேச எனக்கு விருப்பமே இல்லை என்பதையும் தெரிந்துகொள். அந்தப் பிள்ளைக்காகவும், வாசலில் நின்ற உன் அப்பாவுக்காகவும் பேசினேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், வெளிச் சாப்பாட்டைக் குறை. நல்ல அப்பன் என்று பெயர் எடுக்கும் புத்தி உனக்கு வரட்டும், அதுதான் இப்போது என் ஆசீர்வாதம். அவளுக்கு இரும்புச்சத்து மாத்திரை தீரப்போகிறது, அதை நான் வாங்கிவிடுவேன், நீ வாங்குவதாகச் சொல்லி மறக்க வேண்டாம். பஸ் நிறுத்தத்தில் நானும் அவளும் பேசி முடித்தது இதுதான். அந்த ஆப் பேசியதெல்லாம் இன்றோடு அழிகிறது. தினமும் நீயே கூப்பிட்டு, போனை அவள் வயிற்றருகே வைத்திருக்கும்போது உன் வாயால் பேச வேண்டும், இரண்டு நிமிஷமானாலும் சரி, முடியாத நாளில் முடியவில்லை என்று உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். வியாழக்கிழமை வகுப்பில் வீடியோவில் வந்து, அவள் மூச்சு விடும்போது நீயும் எண்ண வேண்டும். முப்பத்து ஆறாவது வாரம் முடிவதற்குள் நீ இந்த வீட்டுக்குள் வந்திருக்க வேண்டும், வந்த பிறகு இரண்டு மாதம் இருக்க வேண்டும், லீவு எழுதிக் கொடுத்த காகிதத்தின் படம் இந்த மாதக் கடைசிக்குள் அவளுக்கு வர வேண்டும். அதுவரை படிவத்தில் உன் பெயர் அடிக்கப்படாமல் இருக்கும். இதில் ஒன்று தவறினாலும் அறைக்குள் போவது அவள் அக்கா, உனக்காக மறுபடி பேச நான் போக மாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கோபம் ஆறாத உன் அம்மா